சந்தைச் செய்தி சொல்லப் போகும் பிள்ளைக்கு

பிள்ளை,

தொலைக்காட்சியில் வணிகச் செய்திப் பிரிவில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று உன் அம்மா சொன்னா. மனம் நிறைந்தது. என்னென்ன புத்தகம் படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதை உன் அலுவலகத்தில் இருப்பவர்களே சொல்லுவார்கள். நான் கொழும்பில் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் இருந்து தலை நரைத்தவன். இப்போது ஊர்காவற்துறையில் வீட்டோடு இருந்து நாள்தோறும் சந்தைச் செய்தி பார்க்கிறவன். சொன்ன பக்கமும் தெரியும், கேட்கிற பக்கமும் தெரியும். ஆகவே இந்த வேலைக்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. யாருக்குச் சொல்கிறாய் என்பதை ஒவ்வொரு நாளும் நினை. கொழும்பு உலக வர்த்தக மையத்தில் இருக்கும் தரகருக்கு உன் செய்தி வேண்டியதில்லை. அவர் மேசையில் விலைத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. உன்னை நம்பியிருப்பது நெடுந்தீவில் ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலணையில் கடை வைத்திருப்பவர், கனடாவில் இருந்து மகன் அனுப்பும் காசைச் சேர்த்து வைத்திருக்கும் தாய். ஒரு காலத்தில் இவர்கள் பங்கு வாங்குவதென்றால் தரகர் அலுவலகம் தேடிப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். 2020 செப்டெம்பரில் கொழும்புப் பங்குச் சந்தை கைபேசிச் செயலியைக் கொண்டுவந்த பிறகு, தீவில் இருந்தபடியே பங்குகளை வைத்திருக்கும் சிடிஎஸ் கணக்குத் திறக்கலாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் உச்சத்துக்குப் போன வைப்பு வட்டி பிறகு இறங்க இறங்க, வங்கியில் போட்ட காசை எடுத்துப் பங்கில் போடலாமா என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே கூடிவிட்டார்கள். உன் வாயில் இருந்து வரும் ஒரு சொல்லுக்கும் அவர்கள் விரல் அழுத்தும் பொத்தானுக்கும் நடுவே இப்போது தரகர் அலுவலகப் படியும் இல்லை, பயண தூரமும் இல்லை. அந்தப் பொறுப்பு உனக்குப் பயத்தைத் தரட்டும். கொஞ்சம் பயம் இந்த வேலைக்கு நல்லது.

2. "தெரியாது" என்று சொல்லப் பழகு. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். காலை 9.30க்குச் சந்தை திறக்கிறது, பிற்பகல் 2.30க்கு மூடுகிறது. மாலைச் செய்திக்குள் ஏறினதற்கோ இறங்கினதற்கோ ஒரு காரணம் கேட்பார்கள். ஏறினால் "முதலீட்டாளர் நம்பிக்கை", இறங்கினால் "இலாபமீட்டல்" என்று எழுதிக் கொடுப்பது எங்கள் காலத்தில் இருந்தே நடக்கிறது. அரை சதவீதம் அசைந்த நாளில் பெரும்பாலும் எந்தக் காரணமும் இருக்காது. கொழும்புச் சந்தையில் இரண்டு பெரும் முதலீட்டாளர் தங்களுக்குள் ஒரு பெரிய தொகுதிப் பங்கைக் கைமாற்றினால், அன்றைய புரள்வில் பெரும் பங்கு அதுவாகவே இருந்துவிடும். ஊரே வாங்கியது போலத் தொகை தெரியும். அதனால் புரள்வைச் சொல்லு, அதில் பெரிய கைமாற்றம் எவ்வளவு என்று சொல்லு, எத்தனை நிறுவனப் பங்குகள் ஏறின எத்தனை இறங்கின என்று சொல்லு, வெளிநாட்டார் கூட வாங்கினார்களா கூட விற்றார்களா என்று சொல்லு. அதற்கு மேல் காரணம் தெரியாவிட்டால், "குறிப்பிட்ட காரணம் எதுவும் தெரியவில்லை" என்று முகத்தை நிமிர்த்திச் சொல்லு. முதல் நாள் ஆசிரியர் முகம் சுளிப்பார். ஆறு மாதம் போகட்டும், நீ காரணம் சொல்லுகிற நாளில் சனம் காது கொடுத்துக் கேட்கும்.

3. புள்ளியைத் தனியே சொல்லாதே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 1985இல் 100 என்று வைத்துத் தொடங்கியது. சுட்டெண் 1,000இல் நின்ற காலத்தில் 100 புள்ளி என்றால் 10 சதவீதம். 20,000இல் நிற்கும்போது அதே 100 புள்ளி அரைச் சதவீதம்தான். "சந்தை 100 புள்ளி சரிவு" என்று சிவப்பு எழுத்தில் போட்டால் வேலணையில் ஒருத்தருக்கு நெஞ்சு பதறும்.

இதைவிடப் பெரிய அளவு ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. எரிவாயுவுக்குச் சனம் அலைந்துகொண்டிருந்தது, நாட்டில் டொலர் வற்றிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்தில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். ஜனவரி மாதத்து "சாதனை" என்ற சொல்லை இப்போது நினைத்துப் பார். ரூபாயில் எவ்வளவு ஏறியது என்பதோடு, அந்த ரூபாயால் என்ன வாங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லாத செய்தி பாதிச் செய்தி. நெடுந்தீவுக்குப் படகு எடுக்கிறவன் அலையை எண்ணிக்கொண்டு நிற்பதில்லை, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறான். நீயும் அப்படிப் பார்.

4. சந்தை ஏறுகிற காலத்தில்தான் உன் குணம் சோதிக்கப்படும். போர் முடிந்த 2009இல் கொழும்புச் சுட்டெண் 125 சதவீதம் ஏறியது. அடுத்த ஆண்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. உலகிலேயே முன்னணியில் நிற்கும் சந்தை என்று எல்லோரும் சொன்னார்கள், அது பொய்யும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் சந்தையின் கிளை திறந்தது. முகாமில் இருந்து வந்து கூரை போடாத சனத்துக்கு நடுவிலேயே பங்குக் கதை நடந்தது. 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டிய சுட்டெண், 2012 நடுப்பகுதியில் 5,000க்குக் கீழே வந்துவிட்டது.

இறக்கம் எந்தச் சந்தையிலும் வரும். நான் உன் கண்ணில் காட்ட நினைப்பது நடுவில் நடந்ததை. சிறிய, பெயர் தெரியாத நிறுவனப் பங்குகளைக் கூட்டாகச் சேர்ந்து விலை ஏற்றிப் பிறகு சின்ன முதலீட்டாளர் தலையில் கட்டுகிறார்கள் என்ற பேச்சு சந்தை முழுவதும் இருந்தது. சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு விசாரிக்கத் தொடங்கியது. 2011 கடைசியில் அதன் தலைவி இந்திராணி சுகததாச பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த திலக் கருணாரத்னவும் 2012 ஆகஸ்டில் விலகினார். ஒரு ஆண்டுக்குள் காவல்காரர் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். அதைவிடப் பெரிய சந்தைச் செய்தி அந்த நாட்களில் வேறு என்ன? ஆனால் பல இடங்களில் அது அரசியல் செய்தியாகப் போனது, சந்தைச் செய்தியில் புள்ளிதான் ஓடியது. காவல்காரர் போகும்போது ஏன் போகிறார் என்று கேட்பது உன் வேலை. எல்லோரும் இலாபம் பார்க்கிற நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டால் "நாட்டுக்கு எதிரி", "சந்தையைக் கெடுக்கிறாள்" என்பார்கள். கேள்.

5. விருந்தினராக வருகிறவரிடம் முதல் கேள்வியை இப்படி வை: "நீங்கள் சொல்லும் இந்தப் பங்கு உங்களிடம் இருக்கிறதா? உங்கள் வீட்டாரிடம் இருக்கிறதா?" வயதில் மூத்தவராக இருக்கலாம், பெரிய பட்டம் பெற்றவராக இருக்கலாம். மரியாதையாகக் கேள், ஆனால் கேட்காமல் விடாதே.

ஏன் என்றால் பக்கத்து நாட்டில் நடந்தது இது. 2021 ஜனவரியில் இந்தியாவின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, சிஎன்பிசி ஆவாஸ் தொலைக்காட்சியின் "ஸ்டாக் 20-20" நிகழ்ச்சியை நடத்தியவர்களில் ஒருவருக்கும் அவர் வீட்டாருக்கும் சந்தையில் இறங்கத் தடை போட்டது. நிகழ்ச்சியில் பரிந்துரைக்கப்போகும் பங்கை முதல் நாளே மனைவி, தாயார் கணக்குகளில் வாங்கி, நிகழ்ச்சிக்குப் பிறகு விலை ஏறியதும் விற்றார்கள் என்பது அந்த இடைக்கால உத்தரவில் சொன்னது. 2024 பெப்ரவரியில் இன்னொன்று. சீ பிசினஸ் தொலைக்காட்சிக்கு விருந்தினராக வந்த நிபுணர்கள், தாங்கள் சொல்லப்போவதை முன்கூட்டியே வேறு சிலருக்குச் சொல்லிவிட, அவர்கள் வாங்கி வைத்து, பேச்சு ஒளிபரப்பானதும் விற்று இலாபம் பங்கிட்டார்கள் என்று செபி சொன்னது. 15 தரப்பினரைத் தடுத்து, 7.41 கோடி இந்திய ரூபாயை முடக்கியது.

அந்த இலாபம் வானத்தில் இருந்து வரவில்லை. ஒளிபரப்பைப் பார்த்து வாங்கினானே, அவன் பையில் இருந்து வந்தது. யாருக்கும் கெடுதல் செய்யாமல் ஏதோ கொஞ்சம் சம்பாதித்தேன் என்று ஒருவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள இந்த வேலையில் நிறைய இடம் இருக்கிறது. நம்பியவர் முகம் தெரியாதபடியால் மனச்சாட்சி சீக்கிரம் தூங்கிவிடும். நீ செய்தி சொல்லுகிற எந்தப் பங்கையும் வாங்காதே. உன் அம்மா பெயரிலும் வேண்டாம். சேமிப்பதற்கு வேறு வழிகள் உண்டு.

6. முந்திச் சொல்ல ஓடாதே. பதறாத காரியம் சிதறாது. ஜெஃப்ரி பஸ், கிளிஃப்டன் கிரீன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2002இல் ஒன்றைக் காட்டினார்கள். அமெரிக்காவின் சிஎன்பிசி தொலைக்காட்சியில் ஒரு பங்கைப் பற்றி நல்லதாக ஒருவர் சொன்னால், சில விநாடிகளில் விலை அசைகிறது, ஒரு நிமிடத்துக்குள் அந்தச் செய்தியின் பயன் முழுவதும் விலையில் ஏறிவிடுகிறது. ஒரு நிமிடம்! வீட்டில் இருந்து பார்க்கிறவர் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கைபேசியைத் திறக்குமுன் எல்லாம் முடிந்துவிடும். பிறகு வாங்குகிறவர் ஏறின விலைக்குத்தான் வாங்குவார். அமெரிக்காவின் புகழ்பெற்ற "மேட் மணி" நிகழ்ச்சியைப் பற்றிப் பின்னால் வந்த ஆய்வு ஒன்றும், அதன் தொகுப்பாளர் ஜிம் கிரேமர் பரிந்துரைத்த பங்குகள் அன்றிரவே துள்ளி, அடுத்த மாதங்களில் அந்த ஏற்றத்தை இழந்தன என்று கண்டது. ஆகவே உன் வேகத்தால் எங்கள் ஊர்ச் சனத்துக்கு நயம் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது சரியான தகவல், அது ஒரு நாள் பிந்தி வந்தாலும் பரவாயில்லை.

7. தொலைக்காட்சியே உண்டாக்கிய சத்தத்தைச் சந்தைச் செய்தியாக விற்காதே. 2024இல் இந்தியத் தேர்தல் முடிந்ததும் எல்லா அலைவரிசைகளிலும் வாக்குக் கணிப்புகள் ஓடின. ஆளும் கட்சிக்குப் பெருவெற்றி என்று சொன்னார்கள். ஜூன் 3ஆம் திகதி இந்தியப் பங்குச் சுட்டெண்ணான சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்குகளை எண்ண, கணிப்புக்கு மாறாக வந்தது. சென்செக்ஸ் ஏறத்தாழ 4,390 புள்ளி விழுந்தது. திங்கள் ஏறும்போது வாங்கிச் செவ்வாய் விழும்போது விற்ற சின்ன மனிதர்கள் உண்டு. கணிப்பைச் சொன்னதில் தவறு இல்லை. அதை முடிவு போலச் சொன்னதில்தான் தவறு.

8. உனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்தி எப்படிச் சொல்கிறது என்று எப்போதும் ஒப்பிட்டுப் பார். எங்கள் தீவுகளையே எடு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டம் ஒன்று வந்தது. 2021 ஜனவரியில் சீன நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. இந்தியா எதிர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனத் தரப்பு திட்டம் நிறுத்தப்பட்டதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் 1 கோடி 10 லட்சம் டொலர் இந்திய நன்கொடையில் வேலைக்கு ஒப்பந்தம். கொழும்பிலும் டெல்லியிலும் இருந்து வந்த செய்தியில் பெரும்பாலும் இரண்டு வல்லரசுகளும் ஒரு வரைபடமும்தான் இருந்தன. தீவுக்குக் கடல் வழியாக டீசல் கொண்டுபோய் ஜெனரேட்டரில் மின்சாரம் எடுக்க என்ன செலவாகிறது, அந்தச் செலவை யார் சுமக்கிறார்கள், ஐஸ் கிடைக்காவிட்டால் மீன்காரரின் நண்டு என்னவாகும் என்ற பேச்சு அரிதாகவே வந்தது.

உன் தீவைப் பற்றி இப்படி எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. தூரத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். அதே தூரத்தில் இருந்துதான் நீயும் நாளைக்கு நுவரெலியாவின் தேயிலைக் கம்பனியைப் பற்றியும், பியகமவின் ஆடைத் தொழிற்சாலையைப் பற்றியும் சொல்லப் போகிறாய். பங்கு விலைக்குப் பின்னால் கொழுந்து பறிக்கிற கை இருக்கிறது, தையல் இயந்திரம் இருக்கிறது. ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிட்டு அந்த நிறுவனத்தைப் பற்றிச் சொல்லு.

9. விழுகிற நாளில் குரலை உயர்த்தாதே. 2020இல் பெருந்தொற்றால் சந்தை மார்ச் மூன்றாம் வாரத்தில் மூடி மே 11இல்தான் திறந்தது. 2022 ஏப்ரலில் இன்னொரு முறை ஐந்து வேலைநாள் மூடினார்கள். 25ஆம் திகதி திறந்த அன்று, இருபது பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அன்ட் பி எஸ்எல்20 சுட்டெண் 5 சதவீதம் விழுந்தால் அரை மணி நேரம் நிறுத்துவது, 7.5இல் மீண்டும் நிறுத்துவது, 10இல் அன்றைக்கே மூடுவது என்ற விதி முழுவதும் நடந்தேறியது. அந்த விதியை அன்றைக்குத்தான் முதல் முறை கேள்விப்பட்டவர்கள் பலர். "சந்தை நிறுத்தம்" என்று மட்டும் திரையில் கண்டதும் காசு போய்விட்டது என்று நினைத்தார்கள். அமைதியான நாளில் இந்த விதியை ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பதற்றம் பாதியாகியிருக்கும். ஒன்றும் நடக்காத நாள்தான் படிப்பிக்கிற நாள். அதை வீணாக்காதே.

10. நிதிக்கூற்றை வாசி. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு வெளியிட வேண்டும். எல்லாம் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். நெடுந்தீவு ஆசிரியருக்கு அதைத் தமிழில் பிரித்துச் சொல்ல உன்னை விட்டால் ஆள் குறைவு. தலைவரின் செய்தி முன்பக்கத்தில் படத்தோடு இருக்கும். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் குறிப்புகள் இருக்கும்: உறவு நிறுவனத்துக்குக் கொடுத்த கடன், வழக்கு, முதல் இருபது பங்குதாரர் பட்டியல். பின்பக்கத்தில் இருந்து தொடங்கு. பம்பாயில் சுசேதா தலால் என்ற பெண் பத்திரிகையாளர் 1992 ஏப்ரலில் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் வங்கிப் பண மோசடியை வெளிக்கொண்டு வந்தார். ஊரெல்லாம் அந்த மனிதரைக் கொண்டாடிய நேரம் அது. கணக்கு எங்கே பொருந்தவில்லை என்று தேடித் தேடிக் கேட்டதால் வந்த செய்தி. உன் வயதில் இருக்கிற பிள்ளைகள் அவரைப் பற்றி அறிந்திருக்க வேண்டும்.

11. பரிசு வாங்காதே. நிறுவனங்கள் விருந்து வைக்கும், பை நிறையப் பொருள் கொடுக்கும், விடுதியில் தங்க வைக்கும். உன் வீட்டார் வாங்கச் சொன்னாலும் வேண்டாம்.

12. பிழை வந்தால் திருத்து. உன் வேலையில் பிழை வரும். இலட்சத்தை மில்லியன் என்று சொல்லுவாய், ஒரு நிறுவனத்தின் நட்டத்தை இன்னொன்றின் பெயரில் வாசிப்பாய். அதைக் கேட்டு ஒருவர் பங்கை விற்றிருக்கலாம். நாங்கள் பத்திரிகையில் திருத்தத்தை உள்பக்கத்தின் மூலையில், படிக்க முடியாத எழுத்தில் போடுவோம். அது திருத்தம் ஆகாது. மறுநாள் அதே நேரத்தில், செய்தியின் தொடக்கத்திலேயே, எந்த நிறுவனம், என்ன தொகை பிழையாகச் சொன்னோம், சரியான தொகை எது என்று மூன்றையும் சொல்லு. ஆசிரியர் நேரம் இல்லை என்றால் உன்னுடைய மற்றச் செய்தியில் இருந்து முப்பது விநாடி வெட்டச் சொல்லிக் கேள். இதை வேலையில் சேர்ந்த முதல் வாரமே அவரோடு கதைத்து ஒப்புக்கொள்ள வைத்துவிடு. பிழை வந்த பிறகு கேட்டால் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள்.